பேட்டரிக்கு வைத்த பொட்டு

அந்தக் கல்லூரியில் பொன்னியைப் பற்றி ஒரு கேலி உண்டு. பேட்டரிக்குக் காய்ச்சல் வந்தால் அந்தம்மா பத்தியச் சாப்பாடு சாப்பிடும் என்பார்கள். சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. செடி வெட்டுகிற ஒரு மிஷின், அதன் பின்னால் மாட்டுகிற அரைச் செங்கல் அளவு பேட்டரி, அதை ஒரு மனுஷி வெயில் படாமல், மழை படாமல், முந்தானையால் மூடிக்கொண்டு நடப்பதைத் தினமும் பார்த்தால் யாருக்கும் வாயில் ஒரு கிண்டல் வரத்தான் செய்யும். அவள் புருஷன் கண்ணாயிரமே, "புள்ளைக்குக்கூட நீ இப்படித் தூளி கட்டி ஆட்டலடி" என்று சொல்லியிருக்கிறான். பொன்னி யாருக்கும் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லப் போனால் கையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாயிரத்து ஐந்து வெள்ளத்தில் அவளுடைய வலது கை முறிந்தது. குமராட்சிக்குப் பக்கத்தில் அம்மா வீடு. கொள்ளிடம் கரை தளும்பி ஓடிக்கொண்டிருந்தபோது, முழுகிப்போன நடவைப் பார்க்கப் போன இடத்தில் வரப்பு சரிந்து விழுந்தாள். மினி பஸ் நின்றுபோயிருந்தது. சிதம்பரம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வழியே இல்லை. யாரோ மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். தண்ணீர் வடிந்து அவள் டாக்டரைப் பார்ப்பதற்குள் எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடிவிட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மணிக்கட்டில் சின்னதாக ஒரு மேடு, அவ்வளவுதான். குடம் தூக்கலாம், சோறு வடிக்கலாம். ஆனால் எதையாவது பிடித்து அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் வலி முழங்கை வரைக்கும் ஏறும். விரல்கள் தாமாகத் திறந்துகொள்ளும்.

தோட்ட வேலையில் பாதி அந்த அழுத்துவதும் விடுவதும்தான். கடலூர் முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் ரோட்டில் இருக்கிற அந்தத் தனியார் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபோது பொன்னி கையைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்டிலிருந்து கட்டடம் வரைக்கும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் இலைச் செடியில் வேலி வைத்திருந்தார்கள். நாலு மழை பெய்தால் அது தலைவிரி கோலமாக வளர்ந்து நிற்கும். கத்திரியின் ஒரு பிடியை இடுப்பில் முட்டுக் கொடுத்து, இடது கையால் மறு பிடியை இழுத்து இழுத்து அவள் வெட்டுவாள். யாராவது வருகிற சத்தம் கேட்டால் குனிந்து களை பிடுங்குகிறவள்போல ஆகிவிடுவாள். கூட வேலை பார்த்த ஆண்டி கிழவனாரும் தன் பங்குக்கு வெட்டியதால் வண்டி ஓடியது.

அப்புறம் கல்லூரித் தாளாளர் சிங்கப்பூர் போய்விட்டு வரும்போது அந்த மிஷினைக் கொண்டுவந்தார். வயர் கிடையாது. இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர். அழுத்த வேண்டாம், விட வேண்டாம். விரல் ஒன்றை விசைமேல் வைத்திருந்தால் போதும், செடியை வருடிக்கொண்டே போகும். ஆண்டி அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கரண்டு வயரே இல்லாமல் ஓடுகிற சாமானை அவரால் நம்ப முடியவில்லை. பொன்னி வாங்கி ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, சந்தோஷத்தில் அழுதாள். ஆண்டி அடுத்த வருஷம் வேலையை விட்டபோது அவர் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. மிஷின் இருக்கும்போது ஆள் எதற்கு என்றார் மேனேஜர் செந்தமிழ்செல்வன்.

அந்த மேனேஜரே இன்னொன்றும் சொல்லியிருந்தார். "இது பாழாச்சுன்னா இன்னொண்ணு வாங்கித் தர மாட்டாங்கம்மா. பழையபடி கத்திரிதான். பாத்துக்கங்க." அவர் போகிற போக்கில் சொன்னது. பொன்னிக்கு அன்றிலிருந்து அது தூக்கத்திலும் கேட்கிற வாசகமாகிவிட்டது. கத்திரி என்றால் கையின் குட்டு வெளிப்பட்டுவிடும். குட்டு வெளிப்பட்டால் வேலை போகும். வேலை போனால், அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு ஃபீஸ் இல்லை என்கிற சலுகையும் போகும். மகள் சிந்துஜா அதே கல்லூரியில்தான் பி.எஸ்சி. கணக்கு படித்துக்கொண்டிருந்தாள். ஆகமொத்தம் அந்த வீட்டின் எதிர்காலம் அரைச் செங்கல் அளவு பேட்டரியில் இருந்தது. சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை, பொன்னியின் இடத்தில் நின்று பார்த்தால்.

மகளுக்கு அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். காலேஜுக்குள்ளே என்னைப் பார்த்தால் பேசாதே, பார்க்காத மாதிரி போய்விடு. சிந்துஜா முதலில் முறைத்தாள், சண்டை போட்டாள், அப்புறம் ஒத்துக்கொண்டாள். வெட்கப்பட்டது பிள்ளை இல்லை, தாய்தான். மண்வெட்டியும் கத்திரியும் தன்னோடு நின்றுவிட வேண்டும், அவற்றின் நிழல்கூட மகள்மேல் விழக் கூடாது என்பது பொன்னியின் பிடிவாதம். மேனேஜருக்கும் கேட் வாட்ச்மேன் கலியமூர்த்திக்கும் தவிர அங்கே யாருக்கும் அவர்கள் தாய், மகள் என்பது தெரியாது.

மிஷினோடு வந்த சின்னப் புத்தகத்தைச் சிந்துஜா ஒரு நாள் இங்கிலீஷிலிருந்து அம்மாவுக்குச் சொல்லிக் காட்டினாள். சூடாக இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது. சுத்தமாகக் காலியான பிறகு சும்மா போட்டுவைக்கக் கூடாது. ஈரம் ஆகாது, வெயில் ஆகாது. பொன்னி கேட்டதை மந்திரம்போல மனசில் போட்டுக்கொண்டாள். வெட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றி வேப்பமரத்தடியில் ஆற வைப்பாள். புறங்கையை வைத்துப் பார்ப்பாள், பிள்ளைக்கு ஜுரம் பார்ப்பதுபோல. ஆறியதும் பழைய சேலைத் துணியால் துடைத்து, கேட் ரூமில் சார்ஜ் போடுவாள். சார்ஜரின் பிளக் சிங்கப்பூர்க்காரர்களுக்கு உண்டான சதுரப் பின். நம் ஊர் ஓட்டையில் நுழையாது. நடுவில் மாட்ட ஒரு வெள்ளைப் பிளக்கைக் கண்ணாயிரம் ஆட்டோ ஓட்டப்போன இடத்தில் தேடி வாங்கி வந்தான். சிவப்பு விளக்கு எரிந்தால் ஏறுகிறது, பச்சை எரிந்தால் நிறைந்துவிட்டது. பச்சையைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் பசிக்கும்.

தானே புயல் ஒரு பேட்டரியைக் கொன்றது. இரண்டாயிரத்துப் பதினொன்றின் கடைசியில் அடித்த அந்தப் புயலுக்குக் கடலூரில் நிமிர்ந்து நின்ற மரமும் இல்லை, கம்பமும் இல்லை. புயலுக்கு முந்தின நாள் ஒரு பேட்டரி நிறைந்திருந்தது. மற்றது காலி. காலியான அதைச் சார்ஜ் போட எங்கேயும் கரண்டு இல்லை. வாரக்கணக்கில் இருட்டு. அவள் அதை அரிசிப் பானைக்குள் வைத்துப் பாதுகாத்தாள், பாவம், அரிசி என்ன செய்யும். கரண்டு வந்ததும் ஓடிப்போய் மாட்டினால் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னியது. எத்தனை தரம் கழற்றி மாட்டினாலும் மின்னல்தான். அது செத்துவிட்டது என்பதைப் புரிந்துகொள்ள அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று.

மிச்சம் ஒன்று. அதை வைத்துக்கொண்டு இரண்டாயிரத்துப் பன்னிரண்டைத் தாண்ட வேண்டியிருந்தது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் கரண்டு இருந்த கதையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். சில நாள் வருவதற்கே மறந்துவிடும். வந்தாலும் பல்பு அழுது வடியும். பொன்னி எங்கே களை எடுத்துக்கொண்டிருந்தாலும் கலியமூர்த்தி அவள் செல்லுக்கு ஒரு மிஸ்டு கால் விடுவார். கரண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். சிந்துஜாவுக்குக் கடைசி வருஷம். ஏப்ரலில் கடைசிப் பரீட்சை. அதுவரைக்கும் இந்த ஒற்றைப் பேட்டரி மூச்சு விட்டால் போதும்.

இப்படியிருக்க ஆயுத பூஜை வந்தது.

கல்லூரியில் பூஜை அமர்க்களமாக இருக்கும். பஸ்ஸுக்கு வாழைக்கன்று, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, லேப் தராசுக்கு மாலை. தோட்டச் சாமான்களைப் பொன்னியே கழுவி வரிசையாக வைத்தாள். உப்புக்காற்றில் துரு ஏறிய மண்வெட்டி, கடப்பாரை, பூவாளி, கத்திரி, நடுவில் மிஷின். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டாள். பேட்டரியைத் தனியாகக் கழற்றி மணைமேல் வைத்தாள். எங்கே பொட்டு வைப்பது என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். மேலே ஒட்டுக்காகிதத்தில் வைக்க மனசு வரவில்லை. கரண்டு உள்ளே போகிற வாயில் மூன்று பித்தளைத் தகடு மினுமினுவென்று இருக்கும். உயிர் உள்ளே ஏறுகிற வழி அதுதானே என்று, கெட்டிச் சந்தனத்தை விரலால் எடுத்து அங்கேயே வைத்தாள், மேலே குங்குமம். 'தாயே, ஏப்ரல் வரைக்கும். அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்' என்று வேண்டிக்கொண்டாள். மறுநாள் விஜயதசமி லீவு. பூஜையில் வைத்ததை அதுவரைக்கும் எடுக்கக் கூடாது என்பதால் அப்படியே இருந்தது.

லீவு முடிந்து காலையில் வந்ததும் மேனேஜர் கூப்பிட்டார்.

"நாளைக்கு யுனிவர்சிட்டிலேருந்து ஆய்வுக்குழு வராங்கம்மா. கேட்லேருந்து பில்டிங் வரைக்கும் செடி ரெண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி இருக்கணும். இன்னிக்குள்ள முடிச்சிருங்க."

"சரிங்க சார்" என்றாள். ஐப்பசி மழையில் செடி தாறுமாறாக வளர்ந்திருந்தது. கலியமூர்த்தி கேட் ரூமிலிருந்து கையைக் காட்டினார், கரண்டு இருக்கிறது என்று. பேட்டரிமேல் இருந்த சந்தனத்தைத் துணியால் துடைத்துவிட்டுச் சார்ஜரில் மாட்டினாள். சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னியது.

கழற்றினாள், ஊதினாள், மாட்டினாள். மின்னியது. வெள்ளைப் பிளக்கை மாற்றிச் செருகினாள். மின்னியது. தானே புயலுக்குச் செத்ததும் இதே மாதிரிதான் கண்ணைச் சிமிட்டியது.

"என்னாம்மா?" என்றார் கலியமூர்த்தி.

"லோ வோல்டேஜ் போலருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுக் கத்திரியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மூன்று வருஷமாகத் தொடாத கத்திரி. உப்புக்காற்றில் ஆணி இறுகியிருந்தது. இடுப்பில் முட்டுக் கொடுத்தாள், இழுத்தாள். முதல் பத்தடி எப்படியோ வந்தது. அப்புறம் இடது கை ஓய்ந்துவிட, யோசிக்காமல் வலது கையால் அழுத்தினாள். வலி சுரீரென்று ஏறியது. பல்லைக் கடித்து இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். விரல்கள் திறந்துகொண்டன, கத்திரி கீழே விழுந்தது. அவள் மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டு செடி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். எதிரே கட்டடம், மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அந்த நேரத்தில் அதை நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

சிதம்பரத்தில் மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், லால்பேட்டை பாய் ஒருவர் டிரில்லிங் மிஷின், பேட்டரி எல்லாம் பழுது பார்ப்பதாகக் கண்ணாயிரம் எப்போதோ சொல்லியிருந்தான். துபாயில் அதே வேலை பார்த்தவராம். பொன்னி எழுந்தாள். பேட்டரியையும் சார்ஜரையும் துண்டில் சுற்றினாள்.

"அண்ணே, இத சிதம்பரத்துல ரிப்பேருக்குக் காட்டிட்டு ஓடியாந்துடுறேன். மேனேஜர் கேட்டா டீ குடிக்கப் போனேன்னு சொல்லு."

"சிதம்பரத்துலயா டீ?" என்றார் கலியமூர்த்தி. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றார்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஆனால் உட்கார்ந்திருந்தாள் என்று சொல்ல முடியாது. பின்னால் பைக் சத்தம் கேட்டால் மேனேஜரோ என்று தலையைக் குனிந்தாள். ஆலப்பாக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி அவளைச் சோதிப்பதற்கென்றே ஆடி அசைந்து போயிற்று. வேலை நேரத்தில் சொல்லாமல் வெளியே வந்தது இதுதான் முதல் தடவை. கையைவிட இதுவே வேலைக்கு உலை வைக்கப் போதும் என்று பாதி வழியில்தான் உறைத்தது. இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தாள். திரும்பிப் போய் எதை வைத்து வெட்டுவது?

பாய் பெயர் ஜபருல்லா. கடை இருட்டாக இருந்தது. சிதம்பரத்திலும் கரண்டு இல்லை.

"செத்துப்பூடுச்சா பாய்? அதை மட்டும் சொல்லிடுங்க" என்றாள்.

"கரண்ட் வந்தாதாம்மா எதுவும் சொல்ல முடியும். உக்காரும்மா." அவர் பேட்டரியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். ஒரு ஊசியை எடுத்துத் தகடுகளுக்கு நடுவில் சுரண்டினார். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது.

"இதென்னா?"

"சந்தனம் பாய்."

"சந்தனமா?"

"ஆயுத பூஜைக்கு வச்சேன். தொடச்சிட்டேனே."

"தொடச்சா மேல இருக்கறது போவும். உள்ள போனது எப்படிப் போவும்? ஏம்மா, ஒரு ஓரமா வச்சிருக்கலாம்ல? வாய்க்குள்ளயா வைப்பாங்க?"

"வாய்லதான பாய் கரண்ட் ஏறுது" என்றாள் பொன்னி.

அவர் சிரிக்கவில்லை. பல் தேய்க்கிற பிரஷ் ஒன்றை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்து மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார். "நடுவுல இருக்குற சின்னத் தகடு பாரு. பேட்டரி சூடா இருக்கா, இல்லியான்னு சார்ஜருக்குச் சொல்றது அதுதான். நீ அதுமேல அப்பிட்ட. அதான் சார்ஜர் ஒண்ணும் புரியாம முழிக்குது. பாப்போம். எனக்கு நம்பிக்கை இருக்குது, ஆனா கரண்ட் வரணும்."

கரண்டு வருகிற வரைக்கும் அவள் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கடைக்காரர்கள் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்கள். தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே, சாமியிடம் கேட்ட கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று மனசு திரும்பத் திரும்ப அதையே அரைத்தது. பழுது பார்க்க முடியாமல் போனால் மேனேஜரிடம் என்ன சொல்வது என்று ஒரு பொய் யோசித்தாள். அந்தப் பொய் தாங்காது என்று தெரிந்து இன்னொன்று யோசித்தாள். கல்லூரியிலிருந்து போன் வருமோ என்று செல்லை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

கடைக்குள் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. பாய் பேட்டரியை மாட்டினார். சிவப்பு விளக்கு மின்னாமல், அசையாமல் நின்று எரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய். பொன்னி கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆனா இதுக்கும் வயசாயிடுச்சும்மா. முன்ன மாதிரி ஓடாது. பாத்து ஓட்டு. ஜாஸ்தி போட்டு வதைக்காத." அங்கேயே சார்ஜ் ஏறட்டும் என்று விட்டார். பேட்டரியின் முதுகில் நாலு புள்ளி விளக்கு உண்டு. இரண்டு எரிவதற்குள் கரண்டு மறுபடி போய்விட்டது. இரண்டு புள்ளியை மடியில் கட்டிக்கொண்டு அவள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். இரண்டு புள்ளிக்கு ஒரு பக்கம்தான் வெட்ட வரும், மிஞ்சிப் போனால் ஒன்றரைப் பக்கம்.

கல்லூரிக்கு எதிரே இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ரோட்டைக் கடக்கும்போதே பார்த்துவிட்டாள். கேட்டுக்குள் செடி ஓரமாக ஒரு பெண் கத்திரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டி, ஐ.டி. கார்டை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டிருந்தாள். சிந்துஜா. கட்டட வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொன்னி கேட்டுக்குள் ஓடினாள். ஓடும்போதே கோபம் வந்தது. வாழ்க்கையில் அப்படியொரு கோபம் அவளுக்கு வந்ததில்லை.

"கத்திரிய வைடி."

"வந்துட்டியாம்மா? சரியாயிடுச்சா?"

"கத்திரிய கீழ வைன்றேன்ல."

சிந்துஜா வைத்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து, கட்டை விரலுக்குக் கீழே தோல் உப்பியிருந்தது. "ஒண்ணு சொல்லணும்மா. மேனேஜர் சார் வந்தாரு. உன்னைக் கேட்டாரு. நான் உன் கையப் பத்திச் சொல்லிட்டேன்."

"என்னான்னு சொன்ன?"

"முறிஞ்ச கையின்னு. மிஷின் இல்லாம வெட்ட வராதுன்னு. ரிப்பேருக்கு எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்கன்னு."

"ஏன்டி? இத்தன வருஷம் யாருக்காக மறைச்சேன்?"

"நீ கத்திரிய போட்டுட்டு உக்காந்தத மேலேருந்து பாத்தேம்மா. எம் பக்கத்துல இருந்தவ, பாவம்டி, யாரோ ஒரு அம்மான்னா. யாரோன்றா. நான் பாடத்த கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" சிந்துஜா கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் அம்மாவையே நேராகப் பார்த்தாள். "எறங்கி வந்து அவளுங்ககிட்டயும் சொல்லிட்டேன். எங்கம்மான்னு."

பொன்னி மகளைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, அடிக்கவும் இல்லை. "போய்க் கைய கழுவு. கிளாசுக்குப் போ" என்று மட்டும் சொன்னாள். மேனேஜர் என்ன சொன்னார் என்று கேட்கப் பயமாக இருந்தது. கலியமூர்த்திதான் சொன்னார்: ஒன்றும் சொல்லவில்லை, நாளைக்கு ஆபீசில் வந்து பார்க்கச் சொன்னார்.

அவள் மிஷினில் பேட்டரியை மாட்டினாள். மகள் வெட்டிய இடத்தைப் பார்த்தாள். படிக்கட்டுபோல ஏறி இறங்கிக் கிடந்தது. ஓரிடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. நாளைக்கு வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள் என்பதுகூட அவளை உறுத்தவில்லை. அது தன் மகளின் கைவெட்டு, அது இந்தக் கல்லூரி வாசலில் இருக்கக் கூடாது. பள்ளத்தை மேலே கொண்டுவர யாராலும் முடியாது. ஆகவே மிச்சத்தைப் பள்ளத்துக்கு இறக்க வேண்டியதுதான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், இரண்டு பக்கமும், முழு வேலியையும் ஒரு சாண் தாழ்த்தி வெட்ட ஆரம்பித்தாள்.

அது பச்சைத் தளிர் இல்லை, முற்றின குச்சி. மிஷின் முக்கியது. அவள் நின்று, ஆறவிட்டு, புறங்கை வைத்துப் பார்த்து, மறுபடி ஓட்டினாள். ஒரு பக்கம் முடிந்தபோது ஒரு புள்ளி அணைந்தது. திரும்பி வரும்போது மற்றப் புள்ளி மின்ன ஆரம்பித்தது. தடித்த குச்சிகளை இடது கையால் ஒடித்துவிட்டு, மெல்லியதை மட்டும் மிஷினுக்குக் கொடுத்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வாய் முணுமுணுத்தது. கல்லூரி பஸ்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. கேட்டுக்கு இன்னும் ஓர் ஆள் நீளம் இருக்கும்போது மிஷின் நின்றுவிட்டது. அந்த மிச்சத்தை இருட்டுவதற்குள் விரலால் கிள்ளிக் கிள்ளியே முடித்தாள்.

மறுநாள் ஆய்வுக்குழு வந்தது. ஏ.சி. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசல் வரைக்கும் போய் இறங்கினார்கள், சாப்பிட்டார்கள், ஏறிப் போனார்கள். செடி ஒரு சாண் குட்டையானதை அவர்கள் பார்த்தார்களா, அந்தப் பக்கம் செடி இருந்ததையே பார்த்தார்களா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கார் போனதும் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். பொன்னி மேஜைக்கு முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதில்லை என்பதால் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"பொண்ணு எல்லாத்தையும் சொல்லிச்சு. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல நீங்க."

அவள் தரையைப் பார்த்தாள்.

"நான் தாளாளர்கிட்ட பேசிட்டேன். அடுத்த வருஷத்துலேருந்து தோட்டத்த ஒரு காண்ட்ராக்ட்காரர்கிட்ட விடப்போறாங்க. ஆளு, மிஷின் எல்லாம் அவரே கொண்டாந்துடுவாரு. ஆனா பொண்ணு பரீட்சை முடியற வரைக்கும் உங்கள எடுக்க வேணாம்னு கேட்டு வாங்கியிருக்கேன். ஏப்ரல் வரைக்கும் தைரியமா இருங்க."

நல்ல மனுஷர்தான். ஒரு பெரிய உபகாரம் செய்துவிட்ட நிறைவு அவர் முகத்தில் இருந்தது, அது உபகாரமும்தான். பொன்னி எழுந்து, "ரொம்ப நன்றிங்க சார்" என்றாள். அவள் சாமியிடம் கேட்டது ஒரு நாள் கூடாமல், ஒரு நாள் குறையாமல் கிடைத்துவிட்டது. அவள் வெளியே வந்தாள். இத்தனை வருஷம் ஏப்ரல் என்பது தாண்டிவிட வேண்டிய கரையாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் தனக்கு ஒன்றும் இல்லை என்பதை அவள் இதுவரை நினைத்தே பார்த்ததில்லை. அழுகை வந்தது. படிப்பு நிலைத்த சந்தோஷத்துக்கு எவ்வளவு, இதற்கு எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

செல் ஒரு தரம் அடித்து நின்றது. கரண்டு வந்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட் ரூமுக்குப் போனாள். நேற்றுக் காலியான பேட்டரி ஆறிப் போய்க் கிடந்தது. காலியாக விடக் கூடாது. துடைத்து, தகடுகளுக்குள் ஊதிவிட்டு, மாட்டினாள். சிவப்பு விளக்கு நின்று எரிந்தது. எப்போதும்போல ஓடிவிடாமல் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னாம்மா சொன்னாரு?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

பொன்னி கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, குமராட்சி வரப்பில் விழுந்த நாளிலிருந்து வெளி மனுஷர் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"கை வலிக்குதுண்ணே."

கலியமூர்த்தி பேப்பரைத் தாழ்த்தி அவளைப் பார்த்தார். மடியில் கிடந்த இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் அவருக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

"எந்தக் கைம்மா?" என்று கேட்டார்.